ரெண்டு கோக்குக்கு ரெண்டு டிக்கெட்

(ஏற்காட்டில் பதிவு செய்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் விருந்தாளி யாரும் இல்ல, நான் மட்டும்தான். ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போறேன். சேலம் அம்மாபேட்டையில் இருந்து காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, சிஎஸ்கே சேப்பாக்கத்துல ஆடற ஏழு மேட்சுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் ஏன் விக்க மாட்டேங்கறாங்க? அது வேண்டாம்னா, விக்காம மிஞ்சற சீட்டையாவது கடைசி நேரத்துல பாதி விலைக்குக் குடுக்கலாம்ல? காலியா கிடக்கற சீட்டுல நாங்க வந்து உக்காந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

அந்தக் கடைசி வரி இருக்கே, யாருக்கு என்ன நஷ்டம்னு, அதுதான் விஷயமே. கேக்கறப்ப ரொம்ப நியாயமா இருக்கும். இஞ்சினியரிங் மூளைக்கு இன்னும் நியாயமா இருக்கும். மேட்ச் முடிஞ்சதும் அந்த சீட்டோட மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தைவிட 300 ரூபாய் பெருசு. அப்ப 300 ரூபாய்க்குக் குடு. கணக்கு முடிஞ்சது. ஆனா உலகம் முழுக்க இந்தக் கணக்கைப் போட்டவங்க அடி வாங்கியிருக்காங்க.

இதை ரெக்கார்ட் பண்றது ஏற்காட்டுல, எங்க மாமா வீட்ல. பின்னாடி தகரத்து மேல ஏதாவது குதிக்கற சத்தம் கேட்டா அது குரங்கு, எடிட் பண்ணி எடுக்க முடியல. மாமா ஆறு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்தறார். சீட்டும் ரூமும் ஒரே சரக்கு. இன்னைக்கு ராத்திரி காலியா போன ரூமை நாளைக்கு எடுத்து விக்க முடியாது. ஏற்காட்டுல 'சீசன்'னா ஏப்ரல், மே. மே மாசம் கோடை விழா, அண்ணா பூங்காவுல மலர் கண்காட்சி. அப்ப இருபது கொண்டை ஊசி வளைவுலயும் வண்டி வரிசை கட்டி நிக்கும். மத்த நாள்ல மாமா திண்ணையில உக்காந்து மிளகு காயப் போட்டுட்டு இருப்பார்.

மாமாகிட்ட சென்னையில இருந்து ஒரு குடும்பம் வருஷா வருஷம் வரும். மே மாசம் அஞ்சு நாள், ரெண்டு ரூம். ஜனவரியிலயே முழுப் பணமும் கட்டிடுவாங்க. ஒரு வருஷம் அந்த வாரத்துல நல்ல மழை. பக்கத்து ரூம் புக் பண்ணவங்க வரல. ராத்திரி எட்டு மணிக்கு பைக்ல ரெண்டு பசங்க நனைஞ்சு வந்து நிக்கறாங்க. 3,500 ரூபாய் ரூமை மாமா 1,200 ரூபாய்க்குக் குடுத்துட்டார். மனிதாபிமானமும்தான், கணக்கும்தான்.

காலையில பொங்கல் சாப்பிடறப்ப அந்தப் பசங்க பெருமையா சொல்லிட்டாங்க. சென்னைக்காரர் தட்டை வச்சுட்டு எழுந்து வந்தார். "ஏங்க, ஜனவரியில பணம் கட்டின நான் என்ன ஏமாளியா?" மாமா, "சார், ரூம் காலியா இருந்தா எனக்கு யாருங்க காசு குடுப்பாங்க?"ன்னார். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்.

அடுத்த வருஷம் ஜனவரியில அவர் போன் வரல. மே பத்தாம் தேதி வந்தது. "அண்ணே, இப்ப என்ன ரேட் போயிட்டு இருக்கு?" அவ்ளோதான். அவர் கோவிச்சுக்கல, சண்டை போடல. காத்திருக்கக் கத்துக்கிட்டார், அவ்ளோதான். மாமாவுக்குப் போனது 2,300 ரூபாய் இல்ல. அந்த ஜனவரி அட்வான்ஸ்லதான் அவர் சீசனுக்கு முன்னாடி ரூமுக்கு பெயின்ட் அடிப்பார், கீசர் மாத்துவார், மெத்தை வாங்குவார். அந்த வருஷம் அதுக்கு வட்டிக்கு வாங்கினார்.

இப்ப அமெரிக்காவுக்குப் போவோம், சீசன் டிக்கெட்டோட சொந்த ஊருக்கு. அங்க காலேஜ் ஃபுட்பால்ங்கறது நம்ம ஊர் இன்டர் காலேஜ் மேட்ச் மாதிரி இல்ல. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்துல உக்காரக்கூடியவங்க 1,07,601 பேர். நம்ம சேப்பாக்கம் சுமார் 38,000. கிட்டத்தட்ட மூணு சேப்பாக்கம், ஒரு காலேஜுக்கு. 1975-ல இருந்து ஒவ்வொரு ஹோம் மேட்சுக்கும் ஒரு லட்சத்துக்கு மேல கூட்டம் வந்ததுன்னு பெருமை பேசற ஊர் அது. அந்தப் பெருமைக்கு அடித்தளம் சீசன் டிக்கெட். தாத்தா வாங்கின சீட்டுல பேரன் உக்காருவான்.

2014-ல அந்த அணி சுமாரா ஆடிட்டு இருந்தது. மாணவர்களுக்கு சீசன் டிக்கெட் 280 டாலர், ஏழு ஹோம் மேட்ச். வகுத்துப் பாத்தா மேட்சுக்கு 40 டாலர். விலை அதிகம்னு நிறைய மாணவர்கள் வாங்காமலே விட்டுட்டாங்க. ஒரு லட்சம் பெருமை ஆட்டம் காணுது. செப்டம்பர் மாசம் மின்னசோட்டாவோட மேட்ச். அப்ப ஒரு விளம்பரம் வருது: ரெண்டு கோக் வாங்குங்க, ரெண்டு டிக்கெட் இலவசம். டிக்கெட்ல அச்சடிச்ச விலை 75 டாலர். கோக் ரெண்டும் சேர்த்து 3 டாலர் வரும்.

280 டாலர் கட்டின பையனோட இடத்துல இருந்து பாருங்க. அவன் டிக்கெட் மாறல. அவன் சீட்டை யாரும் பிடுங்கல. நேத்து எந்த மேட்சைப் பாக்கப் போறானோ அதே மேட்சைத்தான் இன்னைக்கும் பாக்கப் போறான். தம்பி கேட்ட மாதிரி, அவனுக்கு என்ன நஷ்டம்? ஆனா அந்த ஆஃபரை வேகவேகமா நிறுத்த வேண்டியதாப் போச்சு. மாணவர்கள் ஊர்வலம் போனாங்க, பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு முன்னாடியே போய் நின்னாங்க. அந்த மேட்ச்ல தலையில அடிபட்ட ஒரு வீரரைத் திரும்ப ஆட விட்ட பிரச்சினையும் சேந்துக்கிச்சு, அதுதான் இன்னும் பெரிய கோபம். விளையாட்டுத் துறை இயக்குநர் டேவ் பிராண்டன் அக்டோபர் 31-ம் தேதி ராஜினாமா பண்ணார். அதுக்கு முன்னாடி அவர் டாமினோஸ் பீட்சாவோட சிஇஓ. பீட்சாவுல 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்' போட்டா யாரும் ஊர்வலம் வரமாட்டாங்க. ஏன்னா பீட்சாவுக்கு ஜனவரியில யாரும் அட்வான்ஸ் கட்டி வைக்கறதில்ல.

2015-ல மாணவர் சீசன் டிக்கெட்டை 175 டாலருக்கு இறக்கினாங்க. சீட்டை நிரப்பணும்னா இதை முதல்லயே பண்ணியிருக்கலாம்.

முதல்லயே மலிவா இருக்கறதும் கடைசியில மலிவாகறதும் ஒண்ணில்ல. முதல்லயே மலிவுன்னா எல்லாரையும் கூப்பிடற மாதிரி. கடைசியில மலிவுன்னா முன்னாடி வந்தவனைப் பாத்துச் சிரிக்கற மாதிரி. நான் ரெண்டு வருஷம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியோட பில்லிங் டீம்ல இருந்தேன். வருஷ சந்தா கட்டினவங்க அனுப்பற புகார்ல பாதி, "புதுசா சேர்றவனுக்கு மட்டும் ஏன் அறுபது சதவீதம் தள்ளுபடி?"ங்கறதுதான். சர்வர் விழுந்தப்பகூட அவ்ளோ கோபமா மெயில் வந்ததில்ல.

சரி, சிஎஸ்கே. சேப்பாக்கத்துல பொதுமக்களுக்கு இப்ப மேட்ச் மேட்சாத்தான் டிக்கெட் விக்கறாங்க, ஆன்லைன்ல. 2025-ல குறைஞ்ச விலை 1,700 ரூபாய். திறந்த உடனே க்யூவுல லட்சக்கணக்குல நம்பர் காட்டும், நம்ம முறை வர்றப்ப எல்லாம் போயிருக்கும். இந்த நிலைமையில சீசன் டிக்கெட் விக்கணும்னு அவங்களுக்கு என்ன அவசரம்? சீசன் டிக்கெட்ங்கறது விக்கறவன் பயத்துல பிறந்தது. "அடுத்த மாசம் யாரும் வராமப் போயிட்டா?"ங்கற பயம் இருக்கறவன்தான், "இப்பவே மொத்தமா குடு, குறைச்சுத் தர்றேன்"பான். எந்த மேட்சும் நிறையும்னு தெரிஞ்சவன் எதுக்குக் குறைக்கணும்?

இன்னொரு காரணமும் இருக்கு. ஐபிஎல்லுக்கு பணம் வர்ற பெரிய வாசல் ஸ்டேடியம் கேட் இல்ல. 2023-ல இருந்து 2027 வரைக்கும் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போச்சு, 410 மேட்சுக்கு. மேட்சுக்கு 118 கோடி. இப்ப ஸ்டேடியம் கணக்கு. 38,000 சீட்டும் சராசரி 2,500 ரூபாய்னு வச்சுக்கிட்டாலும் ஒன்பதரைக் கோடிதான், அதுலயும் வரி போகணும். இந்த 2,500 நான் சும்மா எடுத்துக்கிட்ட நம்பர், ஆனா நீங்க எந்த நம்பர் போட்டாலும் 118 பக்கத்துல வராது. ஒளிபரப்புப் பணத்தை வாரியமும் பத்து அணிகளும் பங்கு போட்டுக்கும்ங்கறது வேற. கேட் காசு முழுக்க ஹோம் அணிக்கு முக்கியம்தான். ஆனா மஞ்சச் சட்டையில நிறைஞ்ச ஸ்டேடியம் டிவியில தெரியணும், அதுதான் நம்மளோட உண்மையான வேலை. நாம காசு குடுத்து வர்ற துணை நடிகர்கள். இதைச் சொன்னா என் ஃப்ரெண்ட்ஸ் அடிக்க வர்றாங்க.

வரின்னதும் ஞாபகம் வந்தது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 40 சதவீதமாச்சு. 2023-ல சட்டசபையில எம்எல்ஏக்களுக்கு ஐபிஎல் டிக்கெட் வேணும்னே ஒருத்தர் கேட்டார். அவங்களுக்கே கிடைக்கலைன்னா தம்பி, நமக்கு...

ஆனா ஒரு நிமிஷம் சிஎஸ்கே சீசன் டிக்கெட் வித்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. 2018. ரெண்டு வருஷத் தடைக்கு அப்புறம் அணி திரும்ப வருது. ஏழு ஹோம் மேட்ச். ஏப்ரல் 10, கொல்கத்தாவோட ஒரே ஒரு மேட்ச் சேப்பாக்கத்துல நடந்தது. காவிரிப் போராட்டம் சூடா இருந்த நேரம், மைதானத்துக்குள்ள செருப்பு விழுந்தது. மீதி ஆறும் புனேவுக்குப் போச்சு. ஏழு மேட்சுக்குப் பணம் கட்டினவன் ஒண்ணைப் பாத்திருப்பான். அப்ப அணி ஒரு நல்ல காரியம் பண்ணாங்க: சென்னையில இருந்து புனேவுக்கு ஒரு ஸ்பெஷல் ட்ரெயின், 'விசில்போடு எக்ஸ்பிரஸ்', சுமார் ஆயிரம் ரசிகர்களை ஏத்திட்டுப் போனது. என்னைக் கேட்டா தள்ளுபடியைவிட அதுதான் புத்திசாலித்தனம். விலையைத் தொடல, ஆனா வந்தவனுக்குக் காலத்துக்கும் சொல்ல ஒரு கதை கிடைச்சது.

அடுத்து 2025. மும்பையை ஜெயிச்சு ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் சேப்பாக்கத்துல ஆர்சிபிகிட்ட 50 ரன்ல தோல்வி, 2008-க்கு அப்புறம் முதல் தடவை. டெல்லிகிட்ட, கொல்கத்தாகிட்ட, ஹைதராபாத்கிட்ட, பஞ்சாப்கிட்ட, வரிசையா. கொல்கத்தா மேட்ச்ல 103 ரன், எதிராளி பத்து ஓவர் சொச்சத்துல அடிச்சு முடிச்சுட்டான். ஏழாவது மேட்ச் ராஜஸ்தானோட, அது மே மாசம் தொடர் நிறுத்தி மறுபடி ஆரம்பிச்சப்ப டெல்லிக்குப் போயிடுச்சு. ஆக, ஆறு மேட்ச், ஒரு வெற்றி. மேட்ச் மேட்சா டிக்கெட் வாங்கறவனுக்கு மூணாவது தோல்விக்கு அப்புறம் வீட்ல இருக்க உரிமை உண்டு. சீசன் டிக்கெட்காரனுக்கு அது கிடையாது. அந்த உரிமையை விட்டுக் குடுத்ததுக்குத்தான் அவனுக்கு விலை குறையுது. அதை அவன் கண்ணு முன்னாடியே இன்னொருத்தனுக்கு இன்னும் மலிவா குடுத்தா, அவன் எதை வித்தான்னு அவனுக்கே புரியாமப் போயிடும்.

நம்ம ஊர்ல சீசன் டிக்கெட்ங்கற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். ஒண்ணு ரயில் சீசன். அதுல இந்தச் சண்டையே கிடையாது, ஏன்னா அரக்கோணம் லோக்கல் காலியா போகுதுன்னு சாயங்காலம் யாரும் பாதி விலைக்கு டிக்கெட் கூவி விக்கறதில்ல. இன்னொண்ணு டெஸ்ட் மேட்ச். அஞ்சு நாளுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், அதுக்குப் பேரு சீசன் டிக்கெட். ஒரு நாளுக்கு மட்டும்னா டெய்லி டிக்கெட். பெரியவங்க வீட்ல கேட்டுப் பாருங்க, அந்த நீள அட்டையை இன்னும் பீரோவுல வச்சிருப்பாங்க.

டெஸ்ட் சீசன் டிக்கெட் ஒரு வினோதமான பொருள். ஒரு நாளைக்கு 100 ரூபாய், அஞ்சு நாளுக்கும் 400 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு நாள் இலவசம் மாதிரி தெரியும். ஆனா அஞ்சாவது நாள்னு ஒண்ணு வருமான்னே தெரியாது. 2024 செப்டம்பர் சேப்பாக்கம், வங்கதேசத்தோட. வியாழக்கிழமை ஆரம்பிச்சது. முதல் நாள் இந்தியா 144-க்கு 6. அங்கேர்ந்து அஷ்வினும் ஜடேஜாவும் கிளப்பினாங்க, சொந்த ஊர்ல அஷ்வின் சதம். வேலை நாள்ல லீவ் போட்டு வந்தவன் அதைப் பாத்தான். நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் ஆசைப்பட்டு வாங்கற நாள். மதிய சாப்பாட்டுக்கு முன்னாடியே மேட்ச் முடிஞ்சு, வந்தவங்க வெளிய வந்துட்டாங்க.

அதுக்கு அடுத்த டெஸ்ட் கான்பூர். முதல் நாள் 35 ஓவர். ரெண்டாவது, மூணாவது நாள் ஒரு பந்துகூட வீசல. நாலாவது நாள் ஒரே நாள்ல 437 ரன், 18 விக்கெட். டெய்லி டிக்கெட் வாங்கினவனுக்கு அது லாட்டரி: ஞாயிற்றுக்கிழமைக்காரன் வெறும் தார்ப்பாயைப் பாத்தான், திங்கட்கிழமைக்காரன் சரித்திரத்தைப் பாத்தான். சீசன் டிக்கெட்காரன் ரெண்டையும் பாத்தான். அவன் வாங்கினது மேட்ச் இல்ல, சராசரி. புள்ளியியல் பேப்பர்ல அரியர் வச்சவங்களுக்கும் இது புரியும்.

அப்ப அஞ்சாவது நாளை என்ன பண்றது? வருமா வராதான்னு தெரியாத ஒரு நாளுக்கு முன்கூட்டியே யாரும் டிக்கெட் வாங்க மாட்டான். இங்க தம்பி சொல்றது சரி. கடைசி நேரத்துல மலிவாக்கு, இல்லைன்னா சும்மாவே விடு. 2022 ஜூன் 14, இங்கிலாந்துல ட்ரென்ட் பிரிட்ஜ். நியூசிலாந்தோட அஞ்சாவது நாள், நுழைவு இலவசம்னு அறிவிச்சாங்க. ஸ்டேடியம் நிறைஞ்சது. ஜானி பேர்ஸ்டோ 92 பந்துல 136. இங்கிலாந்து 299 ரன்னை 50 ஓவர்ல எடுத்தது. அன்னைக்கு சும்மா உள்ள வந்த ஸ்கூல் பையனுக்கு டெஸ்ட் கிரிக்கெட்னா போர்னு இனி யாராவது சொல்லி நம்ப வைக்க முடியுமா?

அங்க முதல் நாளுக்குப் பணம் கட்டினவங்க யாரும் ஏன் சண்டைக்கு வரல? ஏன்னா இங்கிலாந்துல நாள் நாளாத்தான் விக்கறாங்க. அவன் வாங்கின நாளும் இலவசமாப் போன நாளும் வேற வேற பொருள். மிச்சிகன்ல அதே மேட்ச், அதே நாள். இந்த வித்தியாசத்தை கவனிச்சா போதும், எங்க தள்ளுபடி போடலாம், எங்க போடக்கூடாதுன்னு தெரிஞ்சிடும்.

சேப்பாக்கத்துக்கும் அப்படி ஒரு அஞ்சாவது நாள் உண்டு. 2008 டிசம்பர் 15, இங்கிலாந்தோட. மும்பைத் தாக்குதல் நடந்து மூணு வாரம்கூட ஆகல. 387 இலக்கு. முந்தின நாள் சாயங்காலம் சேவாக் 68 பந்துல 83 அடிச்சு வச்சுட்டுப் போயிட்டார். கடைசி நாள் இன்னும் 256 வேணும். சச்சின் 103 நாட் அவுட், யுவராஜ் 85 நாட் அவுட். திங்கட்கிழமை அது. எங்க அப்பா இன்னும் சொல்லுவார்: "சேலத்துல இருந்து ஒரு நாள் போயிட்டு வர்றது முடியற காரியமாடா?"

அதான் எனக்கு முக்கியமான இடம். சென்னைக்காரங்களுக்கு டிக்கெட்னா டிக்கெட் விலை. மலையில இருக்கறவனுக்கு டிக்கெட்னா, மலை இறங்கற பஸ், சேலத்துல இருந்து 340 கிலோமீட்டர், சாப்பாடு, ஒரு நாள் சம்பளம். ஏற்காடு எக்ஸ்பிரஸ்னு ஒரு ட்ரெயின் இருக்கு. அது ஏற்காட்டுக்கு வராது, ஈரோட்டுக்குத்தான் போகும். பேரு மட்டும் எங்களுது. ராத்திரி சேலத்துல ஏறினா விடியறதுக்கு முன்னாடி சென்ட்ரல். போறது சரி. ஏழரை மணிக்கு ஆரம்பிக்கற மேட்ச் முடிஞ்சு திரும்ப அதைப் பிடிக்கறதெல்லாம் நடக்காத காரியம். இந்த ஊர்க்காரனுக்கு ஏழு மேட்ச் சீசன் டிக்கெட் பாதி விலைக்குக் குடுத்தாலும் வீண். மேட்சுக்கு மூணு மணி நேரம் முன்னாடி வர்ற தள்ளுபடியும் வீண், அப்ப அவன் நாகலூர்ல காபிச் செடிக்குள்ள நின்னுட்டு இருப்பான். ரெண்டு முறையும் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல வீடு இருக்கறவனுக்காக யோசிச்சது.

ஆனா நமக்கு ஒரு ஸ்டேடியம் பக்கத்துலயே இருக்கு. வாழப்பாடி. 2020 பிப்ரவரி 9-ல எடப்பாடி பழனிசாமி முதல்வரா இருந்தப்ப திறந்தது, ராகுல் டிராவிட் வந்திருந்தார். டிஎன்பிஎல் மேட்ச் நடக்குது. 2024 சீசன் அங்கதான் தொடங்கினது, ஜூலை 5. சின்னப்பம்பட்டியில இருந்து கிளம்பின நடராஜன் டிஎன்பிஎல்லைத் தாண்டித்தான் இந்தியாவுக்கு ஆடினார்ங்கறதை சேலத்துக்காரங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. ஏற்காட்டுல இருந்து சேலம் டவுனைத் தொடாமலே கொட்டச்சேடு வழியா குப்பனூர் இறங்கி, அயோத்தியாப்பட்டணத்துல ரோட்டைப் பிடிச்சா வாழப்பாடி.

டிஎன்பிஎல்ல வழக்கமான சீசன் டிக்கெட்டுக்கு அர்த்தமே இல்ல, ஏன்னா அது சர்க்கஸ் மாதிரி ஊர் ஊரா மொத்தமா நகரும். கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல்னு. சேலத்துல ஒரு வாரம் டேரா போட்டா எல்லா அணியும் இங்க ஆடும். அப்ப விக்க வேண்டியது சேலம் வாரத்துக்கு ஒரு பாஸ். காலேஜ் ஐடி காட்டினா ஒரு விலை, முதல் நாள்ல இருந்தே. ஒரு மேட்ச் டிக்கெட்டை எவ்ளோ வேணா குறைங்க, ஆனா பாஸ்காரனுக்கு ஒரு மேட்சுக்கு என்ன விழுந்ததோ அதுக்குக் கீழ போகாதீங்க. கோடுல எழுதணும்னா ஒரே ஒரு இஃப் கண்டிஷன். மழையில நின்னா அந்த மேட்ச் காசு அடுத்த மேட்ச்ல கழியட்டும். இன்னொண்ணு, ராத்திரி மேட்ச் முடிஞ்சு மலைக்கும் ஆத்தூருக்கும் ரெண்டு பஸ். இந்த பஸ் ரெண்டும் வந்தா, தள்ளுபடி இல்லாமலே சீட் நிறையும்னு நான் பந்தயம் கட்டறேன்.

மலிவா ஆரம்பிச்சா மதிப்பு போயிடும்னு சிலர் சொல்லுவாங்க. 2025 மகளிர் உலகக் கோப்பைக்கு இந்தியாவுல டிக்கெட் 100 ரூபாய்ல இருந்து ஆரம்பிச்சாங்க. நவம்பர் 2, நவி மும்பை ஃபைனல்ல ஸ்டேடியம் எப்படி இருந்ததுன்னு டிவியில பாத்தீங்கல்ல? தென்னாப்பிரிக்காவை 52 ரன்ல ஜெயிச்சு கப் வாங்கினாங்க. அந்த 100 ரூபாயால மகளிர் கிரிக்கெட்டோட மதிப்பு எதுவும் குறையல. யாரையும் 1,000 ரூபாய்க்கு முன்னாடியே வாங்க வச்சுட்டு அப்புறம் 100 ஆக்கலையே.

மாமா இப்ப என்ன பண்றார்னு கேட்டேன். "ரேட்டைக் குறைக்கறதே இல்ல மாப்ள. மழையில வந்து நிக்கறவனுக்கு ராத்திரி சாப்பாடு போட்டுடறேன், காலையில லேட்டா கிளம்பிக்கோன்னு விட்டுடறேன். ஜனவரியில கட்டினவனுக்கு கீழ இருக்கற பள்ளத்தாக்கு தெரியற ரூம். அது வேற யாருக்கும் கிடையாது, ஒரு லட்சம் குடுத்தாலும்." அந்தச் சென்னைக் குடும்பம் திரும்ப வந்துட்டாங்களான்னு கேட்டேன். வர்றாங்களாம். ஆனா ஜனவரியில பாதிப் பணம்தான் கட்டறாங்களாம்.

அப்ப அம்மாபேட்டை தம்பிக்கு நேரடி பதில். சிஎஸ்கேக்கு மூணு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஏழு மேட்ச் பங்கு போட்டுக்கலாம்னு இன்னொரு வாய்ஸ் நோட்ல சொல்லியிருந்தீங்க. சீசன் டிக்கெட் வந்தாலும் வேண்டாம். ஏழை மூணால வகுத்தா மீதி ஒண்ணு வரும், அந்த ஒண்ணு மும்பை மேட்சா இருக்கும், நட்பு போயிடும். வருஷத்துக்கு ஒரு மேட்ச், சனிக்கிழமை மேட்சா பாத்து, ஞாயிறு திரும்பற மாதிரி. மீதிக் காசுல சேப்பாக்கத்துல அடுத்த டெஸ்ட் வர்றப்ப முதல் ரெண்டு நாள் டிக்கெட் எடுங்க, வேலை நாளா இருந்தா இன்னும் நல்லது, காலேஜ்ல சொல்லிக்கலாம். அஞ்சாவது நாள் வந்துச்சுன்னா நாலாவது நாள் ராத்திரி போன் பண்ணுங்க, ரெண்டு பேரும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் அன்ரிசர்வ்டுல ஏறிடலாம்.

வாழப்பாடி மேட்சுக்கு மலையில இருந்து வேன் போட்டுப் போறவங்க யாராவது இருந்தா மெயில் பண்ணுங்க, வேன்ல எனக்கும் ஒரு சீட் வேணும். அடுத்த வாரம் ஒரு மெக்கானிக் அண்ணன் வர்றார், மலை ரோட்டுல எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஏறுமா ஏறாதான்னு பேசப் போறோம். பாக்கலாம் மக்களே.